சரியான பதில் வரும்வரை விடமாட்டேன்!

பேத்தி கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். பைதான் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பாட மார்க்கை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சராசரி சொல்ல வேண்டும். 0 முதல் 100க்குள் இல்லாத எதை அடித்தாலும் ஏற்கக் கூடாது, மறுபடி கேட்க வேண்டும்.

"முடிச்சுட்டேன் தாத்தா. தப்புத்தப்பா ஏதாவது அடிச்சுப் பாருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கப் படிவங்களைச் சரிபார்த்தவனிடம் இப்படிச் சொன்னால் சும்மா விடுவேனா?

என் வயதுக்காரர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் எதை அடித்தாலும் பைதான் அதை முதலில் வெறும் எழுத்துகளாகத்தான் வாங்கிக்கொள்ளும். 75 என்பதுகூட அதற்கு இரண்டு எழுத்துகள்தான். நாம்தான் எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும். மாற்ற முடியாததை அடித்துவிட்டால் புரோகிராம் அங்கேயே படுத்துவிடும். படுக்காமல் தாங்கிப் பிடிக்க 'ட்ரை - எக்ஸெப்ட்' என்று ஓர் ஏற்பாடு. இதையெல்லாம் ஒரு 'வைல்' லூப்புக்குள் வைத்துவிட்டால், சரியான எண் வந்தால்தான் 'பிரேக்' போட்டு வெளியே விடும். இல்லாவிட்டால் முதலிலிருந்து கேள்வி.

மைனஸ் 5 அடித்தேன், 101 அடித்தேன், வெறும் என்டரைத் தட்டினேன். அசரவில்லை. குறும்புக்குத் தமிழ் எண்ணில் ௪௨ என்று அடித்தேன். 42 என்று எடுத்துக்கொண்டது! பேத்திக்கே ஆச்சரியம். (பத்தைக் குறிக்கும் பழைய ௰ மட்டும் செல்லவில்லை.)

ஒரே குறை, எல்லாத் தப்புக்கும் "தவறான உள்ளீடு" என்ற ஒரே பதில்தான். எது தப்பு என்று சொல்லாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்த பாவத்தை நானும் செய்திருக்கிறேன். அதை உடனே மாற்றச் சொன்னேன்.

அப்புறம் கேட்டேன், "பரீட்சைக்கே வராத பையனுக்கு என்னம்மா அடிக்கிறது?"

"ஜீரோ போட்டுக்கலாம் தாத்தா."

இங்கேதான் எனக்குச் சண்டை. நாலு பாடத்தில் 80, 90, 70, 80 வாங்கியவன் ஐந்தாவதுக்குக் காய்ச்சலில் வரவில்லை. எழுதியதற்குச் சராசரி 80. ஜீரோ போட்டால் 64. லூப்போ, உண்மையைச் சொன்னால் விடாது; ஜீரோ என்று பொய் சொன்னால் உடனே விட்டுவிடும். பாடத்தில் "பயனர் தவறு செய்வார், சரியாகச் சொல்லும்வரை கேள்" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது என்பது என் கட்சி. சில நேரம் அடிப்பவர் சரியாகத்தான் இருப்பார், கேள்விதான் தப்பு.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் சர்டிபிகேட்டில் பிறந்த தேதி 1-6-1952. பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிப் போனபோது, தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டேன். தேதி கேட்டதற்கு அப்பாவுக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதே! தலைமை ஆசிரியர் அன்றிலிருந்து சரியாக ஐந்து வருஷம் பின்னால் போய் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். லூப் முடிந்தது.

நான் பிறந்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. எனக்கு 58 வயது என்று 31-5-2010 அன்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா கணக்குப்படி ஆகஸ்ட் கடைசிவரை இருந்திருக்கலாம். மூன்று மாதச் சம்பளம். தலைமை ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. 'தெரியாது' என்று எழுத அவருக்கு இடமில்லை.

பேத்தி முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாள். வராதவருக்கு 'ஏ' என்று அடிக்கலாம். எழுதிய பாடங்களை மட்டும் எண்ணி வகுக்கும். எண்ணாக மாற்றுவதற்கு முன்பே 'ஏ'வா என்று பார்த்துவிட வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். "சார் இதெல்லாம் கேக்கவே இல்ல" என்றாள்.

நான் ஐந்து பாடத்துக்கும் 'ஏ' அடித்தேன். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று புரோகிராம் படுத்துவிட்டது. பேத்தி லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.