அப்பாவின் பக்கி மேடு ஏறிய கதை

கருகிய ரப்பர் வாசனை எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும். போன வருடம் மூன்று மாதம் அப்பாவின் சட்டையில் அந்த வாசனைதான்.

காராக் பக்கம் அப்பாவுக்கு நாலு ஏக்கர் டுரியான் தோட்டம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. விலை குறைவாகக் கிடைத்ததற்கு ஒரே காரணம் அதன் சரிவு. கீழே ஓடை, மேலே குடிசை, நடுவில் மரங்கள். வாங்கும்போது அப்பாவுக்கு முழங்கால் நன்றாக இருந்தது. அறுபத்தாறு வயதில் ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, "மேடு ஏறக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப நிலத்தை வித்துடலாம்" என்றார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்கடுத்த மாதம்தான் தம்பி பக்கி வாங்கி வந்தான். கோல்ஃப் திடலில் ஓடும் அந்தச் சின்ன வண்டிதான். (தமிழ்நாட்டு நண்பரிடம் "அப்பா பக்கி ஓட்டுறார்" என்று சொன்னேன். அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமாம். பத்து நிமிடம் சிரித்தார்.) ஒரு திடலில் பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டியபோது கிடைத்த பெட்ரோல் வண்டி. பேட்டரி வண்டியும் இருந்தது. ஆனால் குடிசையில் மின்சாரம் இல்லை, சார்ஜ் போட வழியில்லை. பதிவு செய்யாத வண்டி என்பதால் பொதுச் சாலையில் இறக்க முடியாது. லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துக்குள் இறக்கினோம். அன்றிலிருந்து அது அங்கேயேதான் கிடக்கிறது.

தம்பிக்கு அந்தக் குட்டிச் சக்கரங்கள் பிடிக்கவில்லை. இந்த வண்டிகளுக்கு வழக்கமான டயரின் உயரம் 18 அங்குலம். வேர், கல், சேறு எல்லாவற்றையும் தாண்ட வேண்டும் என்று 22 அங்குலத்தில் முரட்டுப் பற்கள் உள்ள டயர் வாங்கி, உடலையும் தூக்கிக் கட்டினான். பார்க்கக் குட்டி ஜீப் மாதிரியே இருந்தது. படம் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டோம். எல்லோரும் கட்டை விரலைக் காட்டினார்கள்.

மறுநாள் காலை அது மேடு ஏறவில்லை. பாதியில் எஞ்சின் முனகியது. அப்பா மிதியை இன்னும் அழுத்தினார். இருக்கைக்கு அடியிலிருந்து புகை வந்தது. வண்டி நின்று, மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது. அப்பா பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டார். தம்பி ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தான். எனக்குத் தெரிந்து அது ஒரு முறைதான். அதற்குப் பிறகும் அப்பா தனியாகப் போய் எத்தனை முறை கட்டை வைக்க இறங்கினார் என்பது அந்தத் தோட்டத்து அணில்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் சின்ன மாமாவைக் கூப்பிட்டோம். அம்மாவின் தம்பி. செம்பனை ஆலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை, டயரைத்தான் பார்த்தார்.

"மாப்ளே, சைக்கிள்ல பெரிய கியரைப் போட்டுக்கிட்டு கெந்திங் மலை ஏறுவியா?"

அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் இருந்தது. 18 அங்குல டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 144 சென்டிமீட்டர் நகரும். 22 அங்குல டயரில் அது 176. எஞ்சின் அதேதான், பல்சக்கரங்களும் அவையேதான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 32 சென்டிமீட்டர் அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சமதரையில் அது வேகமாகத் தெரியும். மேட்டில் மூச்சு முட்டும்.

சரி, புகை எங்கிருந்து வந்தது? இருக்கையைத் தூக்கிக் காட்டினார் மாமா. இந்த வண்டியில் காரில் இருப்பது போன்ற கியர் கிடையாது. எஞ்சின் தண்டில் ஒரு புல்லி, பின் அச்சுப் பெட்டியில் ஒரு புல்லி, இரண்டையும் இணைக்கும் ஒரு ரப்பர் பெல்ட். இந்தப் புல்லிகளைத்தான் முன் கிளட்ச், பின் கிளட்ச் என்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு சாசர்களை முதுகோடு முதுகு சேர்த்து வைத்த மாதிரி, நடுவே சரிந்த பள்ளத்தோடு இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடினால் முன் கிளட்ச்சுக்குள் இருக்கும் எடைகள் வெளியே விரிந்து, சாசர்களை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். அப்போது பின் கிளட்ச்சின் சாசர்கள் விலகி, பெல்ட் அங்கே உள்ளே இறங்கும். முன்னால் சின்ன வட்டம், பின்னால் பெரிய வட்டம் என்றால் இழுவை. முன்னால் பெரியது, பின்னால் சின்னது என்றால் வேகம். ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களின் காலடியில் இருப்பதும் இதுவேதான்.

நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-லேயே ரப்பர் பெல்ட் வைத்த கார் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தக் கார் முன்னால் ஓடும் அதே வேகத்தில் பின்னாலும் ஓடுமாம். அதை வைத்துப் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள்! எங்கள் வண்டி பின்னோக்கிப் போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் கோளாறு இதுதான். பாரம் கூடியிருக்கிறது, ஆனால் கிளட்ச்சுக்குள் இருப்பவை புல்தரைக்கு என்று அளந்து போட்ட ஸ்பிரிங்குகள். எஞ்சின் போதுமான வேகம் எடுக்கும் முன்பே பெல்ட் வேக நிலைக்கு நகர்ந்துவிடுகிறது. எஞ்சின் திணறுகிறது, பெல்ட் வழுக்குகிறது, வழுக்கினால் சூடு, சூடானால் புகை. மாமா பெல்ட்டைக் கழற்றி ஓரங்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. தேய்ந்து அகலமும் குறைந்திருந்தது. அகலம் குறைந்த பெல்ட் பின் கிளட்ச்சில் மேலே நிற்காமல் உள்ளே அமிழும். அதனால் வண்டி கிளம்பும்போதே இழுவையில் கொஞ்சம் போய்விடுகிறது.

தம்பி அதற்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தான். முன்னுக்கும் பின்னுக்கும் விறைப்பான ஸ்பிரிங், அத்தோடு கவர்னரைத் தளர்த்திவிடுவது. கவர்னர் என்பது வண்டி மணிக்கு இருபது, இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தடுக்கும் அமைப்பு. ஸ்பிரிங் என்றதும் தலையாட்டிய மாமா, கவர்னர் என்றதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"கீழே ஓடை இருக்கு. இறங்கி வரப்ப உங்கப்பா எப்படி நிறுத்துவாரு, நீ சொல்லு."

எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. மேடு ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இந்த வகை வண்டியில் மிதியிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். முன் கிளட்ச் விரிந்து பெல்ட் தளர்ந்துவிடும். காரில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து வைப்பதைப் போல இதில் செய்ய முடியாது. இருப்பது பிரேக் மட்டும். அதுவும் எங்கள் வண்டியில் பின் சக்கரங்களுக்கு மட்டும், கம்பி இழுத்துப் பிடிக்கும் டிரம் பிரேக். தூக்கிக் கட்டிய உடம்பு, பெரிய டயர், ஈரச் சரிவு, கூடை நிறைய டுரியான். கணக்குப் போட்டுப் பார்த்துத் தம்பி முகம் வாடிப்போனான்.

அதனால் கிளட்ச் வேலைக்கு முன் பிரேக் வேலை நடந்தது. புதிய பிரேக் ஷூ, கம்பி சரிசெய்தல், அதற்கே ஒரு முழு சனிக்கிழமை போனது. பிறகு டயர். மாமா 18-க்கே திரும்பச் சொன்னார். தம்பி 22-ஐ விட மனமில்லாமல் நின்றான். இரண்டு கோப்பை தே தாரேக்குக்குப் பிறகு 20 அங்குலத்தில் சமாதானம் ஆனது. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் பாதிப் பலன் அந்த இரண்டு அங்குலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் டயரைச் சின்னதாக்கியதைப் படம் எடுத்துப் புலனத்தில் போட யாருக்கும் மனம் வருவதில்லை.

அடுத்தது ஸ்பிரிங். பின் கிளட்ச்சில் விறைப்பான ஸ்பிரிங் போட்டால், சாசர்கள் லேசில் விலகாது. எஞ்சின் நல்ல வேகம் பிடித்த பிறகுதான் பெல்ட் இடம் மாறும். மேட்டில் வண்டி தளர்ந்தாலும் பெல்ட் சட்டென்று இழுவை நிலைக்குத் திரும்பிவிடும். முன் கிளட்ச்சில் விறைப்பைக் கூட்டினால், வண்டி கிளம்புவதற்கே எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். இரண்டும் வெவ்வேறு காரியங்கள். தம்பி வரவழைத்த பொட்டலத்தில் இரண்டும் இருந்தன, வாங்கியாயிற்றே என்று இரண்டையும் போட்டோம்.

கழற்றும் வேலையைப் பார்த்தபோது, காணொளி பார்த்து நாமே செய்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. முன் கிளட்ச் எஞ்சின் தண்டில் கூம்பு வடிவத்தில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று இருக்கும் நீளமான போல்ட்டை முறுக்கித்தான் வெளியே தள்ள வேண்டும். சுத்தியலால் தட்டினால் சாசர் விரிசல் விடும். பின் கிளட்ச்சுக்குள் ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது. மூடியைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சும்மா எடுத்தால் மூடி முகத்துக்குப் பாயும். மாமா நீளமான திருகுக் கம்பி ஒன்றை நடுவில் மாட்டி, மரையை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தி அதை இறக்கினார். சாசர்களைத் துடைத்த பிறகு எண்ணெய்க் கையோடு யாரையும் கிட்ட வர விடவில்லை. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பெல்ட் வழுக்குமாம்.

முதல் ஓட்டம் தோல்வி. அப்பா மிதியை அழுத்தினார். எஞ்சின் அலறியது, வண்டி அசையவில்லை. இன்னும் அழுத்தினார். திடீரென்று பாய்ந்தது. பின்னால் இருந்த கூடை என் காலில் விழுந்தது.

"என்னடா இது, குதிரை மாதிரி உதைக்குது" என்று அப்பா இறங்கிவிட்டார். அறுவை சிகிச்சை செய்த காலை அவர் தடவிக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டார். நல்லவேளை, அன்று ஒன்றும் சொல்லவில்லை.

முன் கிளட்ச்சில் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டார் மாமா. எடைகளைத் தொடவில்லை. பின்னால் மட்டும் புதியது, அத்தோடு புதிய பெல்ட். "இப்ப சரியா இருக்கான்னு எப்படித் தெரியும் மாமா?" என்றேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் இந்த வண்டியில் இல்லை.

"நீ காதை வச்சுத்தானேம்மா பொழைக்கிற? நீ சொல்லு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பொறி தட்டியது. கைப்பேசியில் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து, வானொலியில் நேர்காணல்களை வெட்டி ஒட்டும் அதே மென்பொருளில் திறந்தேன். எங்கள் வண்டி நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். திரையில் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு முகடு. ஒரு விநாடியில் எத்தனை முகடு என்று எண்ணி 120-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். புகை வந்த நாளில் தம்பி எடுத்த காணொளியில், மேட்டின் நடுவில் 14 முகடுகள். 1,680 சுற்று. மாமா வேலை முடித்த பிறகு அதே இடத்தில் 23. அதாவது 2,760. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். ஆலையில் இருந்த காலத்தில் இது கிடைத்திருந்தால் எத்தனை மோட்டாரைப் பிரிக்காமலே பார்த்திருப்பேன் என்றார். ஊடகம் படித்து என்ன பிரயோசனம் என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

இழப்பும் இருக்கிறது. முன்பைவிடச் சத்தம் அதிகம், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கிறது. பெல்ட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க மாமா உத்தரவு. அந்தத் தேதியை அப்பா குடிசையில் தொங்கும் நாள்காட்டியில், பேத்தியின் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். கவர்னரை யாரும் தொடவில்லை.

இந்த சீசனில் அம்மாவையும் அப்பா மேலே கூட்டிப்போனார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா அங்கே போவது அதுதான் முதல் முறை. ஏறும்போது இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே போய் மரங்களைச் சுற்றிப் பார்த்தார், விழுந்து கிடந்ததில் நல்லதாக ஆறு பழம் பொறுக்கினார். கிளம்பும் நேரத்தில், "நான் நடந்தே இறங்குறேன், நீங்க வாங்க" என்றார். அப்பா வாதாடவில்லை. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, பக்கி அவர் நடக்கும் வேகத்திலேயே பின்னால் இறங்கி வந்தது. எந்த மரத்துக்கு உரம் போதவில்லை என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தார் அம்மா. அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.