பலவீனமான இதயத்திற்கு எந்த வால்வு?

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை முன்னே செல்ல விட்டு, பின்னே திரும்பாமல் தடுப்பது அவற்றின் பணி. வாதக் காய்ச்சலாலோ முதுமையாலோ அவை சுருங்கினாலும் கசிந்தாலும் இதயத்தின் சுமை கூடுகிறது; நாளடைவில் தசை தளர்கிறது. நல்ல இதயம், தன்னுள் நிரம்பும் இரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும். அந்த அளவு 40 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் இதயம் பலவீனமடைந்துவிட்டது எனலாம். அத்தகையவருக்கு வால்வு மாற்ற வேண்டுமென்றதும், "எது உயர்ந்தது?" என்றே குடும்பத்தார் வினவுகின்றனர். "இவருக்கு எது பொருந்தும்?" என்று கேட்பதே முறை.

இயந்திர வால்வு உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆனது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இவ்வினமே. இது பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆயினும் இதன்மீது இரத்தம் உறையக்கூடும் என்பதால், வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரையும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் தேவை. பலவீனமான இதயத்தில் உறையும் அபாயம் மேலும் அதிகம்.

திசு வால்வு, மாட்டின் இதய உறையாலோ பன்றியின் வால்வாலோ செய்யப்படுவது. இதற்குப் பெரும்பாலும் ஆயுள் முழுதும் வார்ஃபரின் வேண்டியதில்லை. ஆனால் சுமார் 10 முதல் 15 ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இளவயதினரிடம் இன்னும் விரைவாகத் தேயும். தளர்ந்த இதயத்திற்கு மறு அறுவை எளிதன்று. இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பின், திசு வால்வு வைத்தாலும் உறைவுத் தடுப்பு மருந்து தேவைப்படலாம்.

நெஞ்சைத் திறக்க இயலாத சிலருக்கு மூன்றாம் வழியும் உண்டு. 2002இல் பிரான்சில் டாக்டர் அலன் கிரிபியே தொடையின் இரத்தக் குழாய் வழியே வால்வைச் செலுத்திப் பொருத்தினார். இவ்வகையும் திசு வால்வே.

பன்றித் திசு குறித்த தயக்கம் நம் இல்லங்களில் இயல்பு. மாட்டுத் திசுவில் வால்வு கிடைக்குமாவென முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். வேறு வழியற்ற நிலையில், நிர்ப்பந்தத்திற்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். தயங்கியே காலம் கடத்துவது உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று. பெண் மக்களுக்கு இயந்திர வால்வு வைத்திருந்தால், அதனை மறைத்து நிக்காஹ் பேசாதீர்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக் கூடியது. கர்ப்பத்தில் தாமே அதனை நிறுத்தினாலோ தாயின் வால்வில் இரத்தம் உறையும். மணமகன் வீட்டார் அறிந்திருந்தால்தான் கருவுறுமுன்பே மருத்துவரைக் கலந்து செயற்பட முடியும்.

வால்வைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியின் வயதையும் இதயத்தின் வலிமையையும் மருத்துவர் பார்ப்பார். மாத்திரையை நாள் தவறாமல் கொடுக்கவும், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் வீட்டில் ஆள் உண்டா என்பதை நீங்கள் பாருங்கள்.