நிவந்தமும் நிரப்பப்படாத இடமும்



அரசாங்கம் இசைக்கு உதவ வேண்டுமென்றால் என்ன செய்யலாம்? பட்டம் வழங்கலாம், விழா எடுக்கலாம், மண்டபம் கட்டலாம். இவை யாவும் ஒருமுறைச் செலவு. வாத்தியக் கலைஞர்கள் பலரை ஓரிடத்தில் அமர்த்தி, நாள்தோறும் ஒத்திகை பார்க்கச் செய்து, மாதந்தோறும் ஊதியம் வழங்குவது தொடர் செலவு. வங்கியில் காலம் கழித்தவனுக்கு இந்த வேறுபாடுதான் முதலில் கண்ணில் படுகிறது; பொறுத்தருள வேண்டும்.

சுதந்திர இந்தியா அந்தத் தொடர் செலவை ஏற்கத் துணிந்தது 1952-ஆம் ஆண்டில். அகில இந்திய வானொலி டில்லியில் 'வாத்ய விருந்தா' என்னும் தேசிய வாத்தியக் குழுவை நிறுவிற்று. பண்டிட் ரவிசங்கரும் நம் பக்கத்து வயலின் வித்வான் டி.கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினார்கள். புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷ், வீணை வித்வான் ஈமனி சங்கர சாஸ்திரி ஆகியோரும் பின்னர் அப்பொறுப்பை வகித்தனர். சிதாரும் வீணையும், சாரங்கியும் வயலினும், தபலாவும் மிருதங்கமும் ஒருங்கே ஒலித்தன.

இது எளிய காரியமன்று. மேனாட்டு வாத்தியக் குழுவில் ஒவ்வொருவர் முன்னும் எழுதிய தாள் இருக்கும். அதில் உள்ளதை உள்ளபடி வாசிப்பார்கள். நம் வித்வானோ நேற்று வாசித்த தோடியை இன்று அவ்வாறே வாசிக்க மாட்டார். அதுவே அவருக்குப் பெருமை. கமகங்களை ஏட்டில் அடக்குவதும் கடினம். இத்தகையவர்கள் மனோதர்மத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, ஒரே கணத்தில் ஒரே விதமாக வில்லை இழுக்க வேண்டுமானால் இடைவிடாத ஒத்திகை தேவை. சபாக்கள் கச்சேரிக்குச் சன்மானம் தரும். ஒத்திகைக்கு யார் தருவார்கள்? அந்த இடத்தில்தான் அரசு வேண்டியிருந்தது.

பல வாத்தியங்கள் கூடி ஒலிப்பதற்குச் சங்ககாலத்திலேயே 'பல்லியம்' என்ற சொல் நம்மிடம் இருந்தது. நெடும்பல்லியத்தனார் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார். பழைய பொருளுக்குப் புதிய பண்டாரம் கிடைத்தது என்று கொள்ளலாம்.

அக்காலத்தில் வானொலித் துறை அமைச்சராக இருந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தின்பால் அவருக்கிருந்த பற்று அளவற்றது. அதே வேகத்தில் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து விலக்கவும் செய்தார். மக்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957-இல் விவித பாரதி தோன்ற நேர்ந்தது இதனால்தான். எதைக் கேட்கக்கூடாது என்று சொல்லும் உரிமை எந்த அமைச்சருக்கும் இல்லை என்பது அடியேன் கருத்து. ஆயினும், நல்லதைக் கேட்க வாய்ப்பளித்ததற்காக அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தேசியக் குழு டில்லியில் இருந்தது. நமக்கு வாய்த்தவர்கள் 'நிலைய வித்வான்கள்'. சென்னை, திருச்சி நிலையங்களில் மாதச் சம்பளத்தில் அமர்ந்து, வருகின்ற பாடகர்க்கெல்லாம் பக்கவாத்தியம் வாசித்த அந்தப் பெருமக்களை நம் தலைமுறையினர் மறந்திருக்க முடியாது. விடியற்காலை மங்கள இசையும் இசைப்பயிற்சி நிகழ்ச்சியும் எத்தனையோ இல்லங்களில் குருகுலமாக விளங்கின. பாட்டு வாத்தியாருக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நின்றவாறே கீர்த்தனைகளைப் பாடம் செய்தார்கள். அந்தக் கலைஞர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களோ பெரும்பாலும் நிரப்பப்படவில்லை. வாத்தியக் குழுவை ஒழிக்க எவரும் ஆணையிட வேண்டியதில்லை. காலியிடத்தை நிரப்பாமல் இருந்தாலே போதும்.

இவ்விடத்தில் தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டொன்று நினைவுக்கு வருகிறது. ராஜராஜ சோழன் அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெட்டுப் பேரையும், அவர்களுடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்தான். ஆக, ஐம்பது பேர். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. தலைக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் நிவந்தம். அளக்க வேண்டிய மரக்கால் இன்னதென்றும் குறிப்பு உண்டு.

நெல்லின் அளவைவிட அடியேனை வியக்க வைத்தது அதன்பின் வரும் ஏற்பாடு. பாடுவோரில் ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டு அகன்றாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரை அவரே தேடி அமர்த்த வேண்டும். உறவினரே இல்லையென்றால், மற்றப் பாடகர்கள் கூடித் தக்கவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்நிலையிலும் ஐம்பது, நாற்பத்தொன்பது ஆகக்கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு ஆணையில் காலியிடம் நிரப்பும் விதி! வங்கியில் ஒரு குமாஸ்தா இடம் காலியானால் அதனை நிரப்பக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதிய நாட்களை எண்ணிப் பெருமூச்சு விட்டேன்.

பயிற்சிக்கு இன்று குறைவு என்று சொல்ல முடியாது. சென்னையில் 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களிலும் கல்லூரிகள் உண்டு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுகள் கற்பிக்கிறார்கள். பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைகள் சேரலாம். இவற்றுள் நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும் என்பது விதி. இதை ஏழைப் பிள்ளைகளிடம் காட்டிய கருணை என்றும் கொள்ளலாம். இம்மூன்றுக்கும் வருவோர் குறைவு என்பதன் அடையாளமாகவும் கொள்ளலாம். அறநிலையத்துறையும் சில திருக்கோயில்களில் ஓதுவார்க்கும் நாதஸ்வர, தவில் கலைஞர்க்கும் உதவித்தொகையுடன் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது.

பயின்றவன் எங்கே போவான்? தீபாராதனை வேளையில் நம் கோயில்கள் பலவற்றில் ஒலிப்பது எது? சுவிட்சைத் தட்டினால் தானே அடிக்கும் மின்சார மேளம். உபயதாரர் பெயர் அதன்மேல் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனைக் கொடுத்த அன்பர் பக்தியோடுதான் கொடுத்தார், ஐயமில்லை. அந்தத் தொகையை வைப்பு நிதியாக இட்டு, அதன் வட்டியைத் தவில் கலைஞருக்கு மாதந்தோறும் சிறு தொகையாக வழங்கியிருந்தால் அதுவும் நிவந்தமே ஆகியிருக்கும்.

கோயில் மேளம் என்பது நாதஸ்வரமும் தவிலும் மட்டுமன்று. ஒத்து ஊத ஒருவர், தாளம் போட ஒருவர் உண்டு. முற்காலத்தில் அவ்விரு இடங்களிலும் பெரும்பாலும் சிறுவர்களே இருப்பார்கள். குருவின் பக்கத்தில் நின்று, நாள்தோறும் காலசந்தி முதல் அர்த்தசாமம் வரை சுருதியையும் லயத்தையும் உடம்பில் ஏற்றிக்கொண்டவர்களே பின்னாளில் வித்வான்களானார்கள். சுருதிப் பெட்டி வந்தது, ஒத்து போயிற்று. ஒத்துக்காரருக்குக் கொடுத்து வந்த சிறு சம்பளம் மிச்சமாயிற்று. கற்றுக்கொள்ள வந்து நிற்கும் பையனுக்கு இருந்த இடமும் அத்துடன் போயிற்று.