பத்து வருட அனுபவம் யாருக்கு இருக்கிறது?



வினோத் துவா 2021 டிசம்பர் 4 அன்று காலமானார். நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. தூர்தர்ஷனை விட்டால் வேறு தொலைக்காட்சி இல்லாத காலத்தில், 1985இல், 'ஜன்வாணி' நிகழ்ச்சியில் மந்திரிகளைச் சாதாரண ஜனங்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்க வழி செய்தவர் அவர். சர்க்கார் தொலைக்காட்சியிலேயே சர்க்காரைக் கேள்வி! பிரிவினையில் உடைமை இழந்து டெல்லி வந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளை. தேர்தல் முடிவு நாட்களில் பிரணாய் ராயுடன் அமர்ந்து அவர் பேசிய இந்தி, பாதி இந்தி தெரிந்த நமக்கும் விளங்கியது.

அவரைத் தெய்வமாக்க வரவில்லை. 2018இல் ஒரு பெண் இயக்குநர் அவர்மீது பாலியல் புகார் கூறினார், அவர் மறுத்தார். அதை மறைத்துவிட்டுப் புகழ் பாடுவது நமக்கு அழகல்ல.

நாம் சொல்ல வந்தது 2020 பற்றி. ரயில்கள் நின்றுவிட்டன, கூலி ஜனங்கள் மூட்டை முடிச்சோடு, குழந்தை குட்டியோடு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். மார்ச் 30 அன்று துவா இணைய நிகழ்ச்சி ஒன்றில் அதைப் பேசி, அரசைச் சாடினார். மறுநாளே, பொய்ச் செய்தியால்தான் ஜனங்கள் கிளம்பினார்கள் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மே மாதம் சிம்லா மாவட்டத்தில் அந்த நிகழ்ச்சிக்காகத் துவா மீது ராஜத்துரோக வழக்கு!

2021 ஜூன் 3 அன்று நீதிபதிகள் யு.யு.லலித், வினீத் சரண் அவ்வழக்கை ரத்து செய்தனர். வன்முறையைத் தூண்டாதவரை அரசைக் கண்டிப்பது துரோகமல்ல என்ற 1962ஆம் ஆண்டு கேதார்நாத் சிங் தீர்ப்பின் பாதுகாப்பு ஒவ்வொரு பத்திரிகையாளருக்கும் உண்டு என்றனர். வரவேற்கிறோம்.

ஆனால் துவா இன்னொன்றும் கேட்டிருந்தார். பத்து வருட அனுபவமுள்ள ஊடகக்காரர்கள் மீது ஒரு குழுவின் அனுமதியின்றி வழக்குப் பதியக் கூடாது என்று. அது சட்டமன்றங்களின் வேலை என்று நீதிமன்றம் மறுத்தது. நாங்களும் மறுக்கிறோம், எங்கள் காரணம் வேறு. நடந்து போனவன் தன் கைபேசியில் எடுத்த படத்தையும் நாடு பார்த்தது. அவனுக்கு ஏது பத்து வருட அனுபவம்? இந்த மாதப் பத்திரிகையை மடித்து, தபால் தலை ஒட்டும் நம் தோழர்களுக்கு ஏது? அனுபவத்தை அளந்து கொடுக்கும் பாதுகாப்பு வாசலோடு நின்றுவிடும். நம் குடிசைக்கு வராது.

124ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தோடு போயிற்று. புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு அதே நாளில் வந்துவிட்டது. ஆகவே அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிக்கிறோம். கைபேசி வைத்திருக்கும் இளைஞர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.