நகரம் வளரும் திசை

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டி ஒன்று புறப்பட்டது. அனுப்பிய பகுதியும் நீர்வளம் மிக்கதன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளத்தில் மூழ்கிய மாநகரமே இவ்வாறு குடிநீருக்குத் தவித்தது. இப்பழியை மழையின்மேல் மட்டும் சுமத்துதல் தகாது. மழைநீரைத் தாங்கி நின்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைக்கும் இடமாகிவிட்டது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். அவர்கள் அனைவரையும் ஒரு நகரமே தாங்க இயலாது. தொழில்களைப் பரவலாக்க 1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்பேட்டையால் ஒசூர் வளர்ந்து, 2019இல் மாநகராட்சியாயிற்று. பெங்களூரு அருகிலிருந்ததும் அதற்குத் துணைநின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

திருப்பூரின் கதை வேறு. அங்குப் பின்னலாடைத் தொழில் பெரிதும் மக்களின் முயற்சியாலேயே வளர்ந்தது. ஏற்றுமதி பெருகியது, வெளியூரார் வேலை தேடி வந்து குவிந்தனர். ஆனால், கழிவுநீருக்கு வழிசெய்யும் முதலீடு அவ்வேகத்தில் வரவில்லை. சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அக்கழிவே தேங்கியது. உழவர் நிலங்கள் பாழ்பட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. முதலாளிக்கு இழப்பு, தொழிலாளிக்குப் பட்டினி, உழவருக்கு மீளாத நிலம்! பின்னர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு கடனுதவி அளித்தது. முன்னரே செலவிட்டிருப்பின், ஆறும் தப்பியிருக்கும், பட்டறைகளும் மூடப்பட்டிரா.

பெருநகரில் இடும் பணமே விரைவில் பலன் தரும் என்பர் சிலர். தொழில்கள் ஓரிடத்தில் கூடும்போது திறன் பெருகுவது உண்மையே. எனினும், அப்பலனைக் கணக்கிடுவோர் தொலைவிலிருந்து கொண்டுவரும் தண்ணீரின் விலையையும், தொழிலாளி நாள்தோறும் பயணத்தில் இழக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. தனியார் முதலீடு இலாபம் உள்ள இடத்தையே நாடும். அஃது அதன் இயல்பு. சிற்றூர்களின் சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு அரசே முதலில் செலவிட வேண்டும். அவை அமைந்தபின் தொழில் தானே வரும்.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு உரியனவாக நகரத் திட்டமிடல் உள்ளிட்ட 18 பணிகளைப் பட்டியலிட்டது. பணிகள் ஏட்டில் உள்ளன. அவற்றுக்கேற்ற நிதியும் பொறியாளரும்தாம் பல நகராட்சிகளில் இல்லை. இனி எந்த ஊரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்பட்டாலும், அருகிலுள்ள நகராட்சியின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் உரிய தொகையை அதே ஆண்டின் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்குவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.