பிடிச்ச முயலுக்கு எத்தனை கால்?

தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறவங்களைப் பத்தி நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லி வச்சிட்டாங்க. நிஜமாவே ஒரு முயலைப் பிடிச்சு, வளர்த்து, இனி விடுறதா வச்சிருக்கிறதான்னு பேச்சு வரும்போதும் அதே மூணு காலோடதான் நிக்கிறோம். ஒரு கட்சி: “விட்டா செத்துரும், பாவம்.” இன்னொரு கட்சி: “காட்டு உசுரு காட்டுலதான் இருக்கணும்.” ரெண்டு கட்சியும் முயலைப் பார்க்கவே இல்லை. என் சண்டை அதோடுதான்.

முதலில், குட்டி எப்படி நம்ம கைக்கு வருது? பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் கான் வெட்டும்போதோ மானாப்புல் அறுக்கும்போதோ, உள்ளங்கை அளவு குட்டி ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும். தாயைக் காணோம். “அநாதை” என்று முடிவு கட்டி லயத்துக்குத் தூக்கிட்டு வந்துருவோம். அது பெரும்பாலும் அநாதை இல்லை. நம்ம காட்டு முயல், பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள இனம், வளை தோண்டாது. குட்டி பிறக்கும்போதே உரோமமும் திறந்த கண்ணுமாகப் பிறந்து புல்லுக்குள்ளே அசையாமல் கிடக்கும். தாய் வேணும்னேதான் தள்ளி நிக்குது, தன் வாடையை மோப்பம் பிடித்து நரியோ நாயோ வந்துவிடக் கூடாது என்று. இருட்டினதும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஆக, காயம் இல்லாத குட்டியை நாம் ‘காப்பாற்றுவது’ பல நேரம் பிள்ளை பிடிக்கிற வேலை. வேலை நடக்கிற இடமென்றால் பக்கத்துப் புதரடியில் வைத்துவிட்டு நகர்ந்தால் போதும்.

சரி, தூக்கிட்டு வந்தாச்சு, பிழைச்சும் வளர்ந்தும் விட்டது. இப்போ?

வச்சிருப்போம் என்கிறவர்கள் கடையில் வாங்குற வெள்ளை முயலைக் காட்டுறாங்க. அது வேற சாதி. ஐரோப்பிய முயலைப் பல நூறு வருசமா மனுசன் வளர்த்து வளர்த்துப் பழக்கியது. காட்டு முயலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ராத்திரி முழுக்க ஓடி மேயப் பிறந்தது. பெட்டிக்குள்ளே சின்னச் சத்தத்துக்கும் துள்ளிக் கம்பியில் மோதும். அது சும்மா இருக்கிறதைப் பார்த்து “பழகிருச்சு” என்கிறோம். பயத்தில் உறைந்து கிடப்பதும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

விடுவோம் என்கிறவர்களும் யோக்கியம் இல்லை. லயத்துக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து, அதை ஒரு வீடியோ எடுத்து, “விடுதலை” என்று ஸ்டேட்டஸ் போட்டால் முடிந்ததா? நாயைக் கண்டு பயப்படாமல் வளர்ந்த முயல் எத்தனை ராத்திரி தாங்கும்? ஆடி, ஆவணியில் ஊவா மலைகள் காய்ந்து, யாரோ வைத்த தீ புல்வெளி முழுக்க ஏறும். அந்த நேரம் விடுவது விடுதலையா? பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கும் ஆள் பார்த்து இறுக்குவதில்லை. 2020 மே மாதம் லக்ஷபான தோட்டத்துப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. சிறுத்தைக்கே அந்தக் கதி.

சரியாகச் செய்யத் தெரியாத நாடு இல்லை இது. ஊவாவின் எல்லையில், உடவளவையில், 1995 முதல் யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் நிலையம் இருக்கிறது. பால் ஊட்டுவார்கள், செல்லம் கொடுப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் தூரத்தில் நிற்க வேண்டும், தொடக் கூடாது. வளர்ந்ததும் கூட்டமாகச் சேர்த்துக் காட்டில் விடுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் அப்படிப் போயிருக்கின்றன. 1975இல் தொடங்கிய பின்னவலயில் அநாதை யானைகள் கடைசிவரை மனுசன் கையில்தான். முயலைத் தடவித் தடவி வளர்த்துவிட்டு விடுவதா என்று கேட்பது, பின்னவலயில் வளர்த்துவிட்டு உடவளவையின் பலனை எதிர்பார்ப்பது.

“லயத்துல மனுசனுக்கே வீடில்ல, நீ முயலுக்கு எழுதுறியா?” கம்பஸிலும் கேட்டார்கள், ஊரிலும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மனுசரையும் முயலையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இருப்பதா போவதா என்பதை வேறு யாரோ முடிவு செய்தால் என்ன ஆகும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். நம்மைக் கேட்டு அல்ல. “சொந்த நாடு” என்று சொல்லித்தான் கப்பல் ஏற்றினார்கள். மண்டபம் முகாமில் இறங்கியவர்களுக்கு அந்தச் சொந்த நாட்டில் சொந்தம் என்று சொல்ல என்ன இருந்தது? “அதன் இடத்துக்கு அனுப்பிட்டோம்” என்று கை கழுவுகிற வார்த்தை எனக்குக் கசப்பது அதனால்தான்.

ஆகவே என் கட்சி இது. விடத்தான் வேண்டும், ஆனால் முயலைப் பார்த்து. புல்லை மட்டும் தின்று உடம்பு ஏறுதா? நாலு காலிலும் ஊனமில்லாமல் ஓடுதா? நம்மைக் கண்டதும் ஒளியுதா? மூன்றுக்கும் ஆம் என்றால், தீக்காலம் கழிந்து மழையில் புல் துளிர்த்த பிறகு, எடுத்த இடத்துக்குப் பக்கத்தில், நாயும் சுருக்கும் இல்லாத புல்வெளியில், பொழுது சாயும் நேரம் விடுங்கள். கூட்டம் வேண்டாம், போனும் வேண்டாம். அதற்கு முன்னமே 1992க்கு எடுத்து வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள். தமிழில் பதில் வராவிட்டால் தமிழில் கேட்டுச் சண்டை போடுங்கள், அதுவும் நம்ம உரிமைதான்.

நம்மைக் கண்டு ஒளியாமல் மடியில் ஏறி உட்காருகிற முயல் என்றால், அதை விடுவது கொலை. வச்சிருங்கள், ஆனால் அன்பு என்று பேர் வைக்காதீர்கள். அதன் காட்டை எடுத்தது நாம், அதற்குக் கட்டுகிற கடன் அது. விட்ட முயல் திரும்பிப் பார்க்காமல் ஓடினால் வருத்தப்படவும் வேண்டாம். நம்மை மறந்து ஓடினால்தான் வளர்ப்பு சரி.