விடைபெறும் நாட்களின் ஊழியம்



கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி, ஆவணி மாதங்களிலேதான் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் ஊழியக் குழுக்கள் மிகுதியாக வருகின்றன. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் நம்மவரின் பிள்ளைகளுக்கு அது விடுமுறைக் காலம். கொழும்பிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வருவோர் உண்டு. பத்து நாள் அல்லது இரண்டு வாரம் தங்கி, பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகம வகுப்பு, முதியோருக்கு மருத்துவ முகாம், மாலையில் நற்செய்திக் கூட்டம் என்று ஓடியாடி உழைத்துவிட்டுப் போகிறார்கள். இவர்களின் வருகையைக் குறித்து நம் சபைகள் மாதக்கணக்கில் ஆயத்தம் செய்கின்றன. இவர்கள் புறப்படும் அந்தக் கடைசி இரண்டு மூன்று நாட்களைக் குறித்தோ எவரும் ஆயத்தம் செய்வதாகத் தெரியவில்லை.

அந்நாட்களில் நடப்பது என்ன? உடல் களைத்திருக்கும், உள்ளமோ இளகியிருக்கும். பிள்ளைகள் கையை விடாமல் பற்றிக்கொண்டு நிற்பார்கள். பிரியாவிடைக் கூட்டத்தில் மாலை விழும், கண்ணீரும் விழும். அந்த இளக்கத்திலேதான் வாக்குறுதிகள் பிறக்கின்றன. அடுத்த வருடம் கட்டாயம் வருவேன். உன் படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்வேன். ஆலயத்துக்குக் கூரை போட்டுத் தருவோம். இவற்றைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. சொல்லும் நேரத்தில் மனதாரச் சொல்லப்படுபவைதாம். ஆனால் சொன்னவர் விமானம் ஏறிய பின் வேலை, படிப்பு, வீட்டுக் கடன் என்ற தம் உலகத்துக்குள் மூழ்கிவிடுகிறார். கேட்ட பிள்ளை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. மாரி பிறந்து படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறும் வேளையில், "அந்த அக்கா எப்ப வருவா, ஐயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஊரிலிருக்கும் போதகர் மட்டுமே.

குறுகிய கால ஊழியமே வீண் என்று வாதிடுவோர் நம் நடுவே உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. சமாரியாவின் சீகார் என்னும் ஊரில் ஆண்டவர் தங்கியது இரண்டே நாட்கள் என்று யோவான் 4ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் போகும்போது அவ்வூரார், இனித் தங்கள் விசுவாசம் அந்தப் பெண்ணின் சொல்லில் தங்கியிருக்கவில்லை, தாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்றார்கள். வந்தவர் போன பின்னும் ஊரார் தம் காலிலேயே நிற்கும் நிலை இரண்டு நாளில் உண்டாயிற்று.

தெசலோனிக்கே பட்டணத்தின் கதை வேறு விதமானது. பவுல் அங்கே மூன்று ஓய்வுநாட்கள் ஜெப ஆலயத்தில் பேசினார். கலகம் எழுந்தது. பவுலும் சீலாவும் இரவோடிரவாக அனுப்பிவைக்கப்பட்டார்கள். ஆனால் அவர்களை வீட்டில் ஏற்றுக்கொண்ட யாசோன் எங்கே போவான்? அவன் அந்த ஊர்க்காரன். அதிகாரிகளிடம் இழுத்துச் செல்லப்பட்டவனும் ஜாமீன் கொடுக்க வேண்டியிருந்தவனும் அவனே. அப்போஸ்தலர் 17ஐப் பிரசங்கிக்கும் நாம் பவுலைப் பற்றிப் பேசுமளவுக்கு யாசோனைப் பற்றிப் பேசுவதில்லை.

மட்டக்களப்பில் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு யாசோன் இருக்கிறார். இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்து வாழும் மண் இது. ஆலயத் திருவிழாவும் பெருநாளும் நத்தாரும் ஒரே தெருவில் கொண்டாடப்படுகின்றன. கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலமொன்று 2004இல் பாராளுமன்றத்துக்கு வந்ததும், அதன் சில பகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சந்தேகம் இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. கடைசி நாளில் அரிசிப் பொதியையும் ஜெப அழைப்பையும் ஒரே மேடையில் வைத்துவிட்டு ஒரு குழு புறப்பட்டுப் போனால், மறுநாள் காலை கடைத்தெருவில் அயலவரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் யாசோன்தான். உதவியை எந்தவொரு மதக் கருத்தையும் முன்னெடுக்கப் பயன்படுத்தலாகாது என்று செஞ்சிலுவைச் சங்கமும் நிவாரண அமைப்புகளும் 1994இல் வகுத்த நடத்தைக் கோவை சொல்கிறது. அதை உலகப்பிரகாரமான விதி என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

1948இல் இங்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குரு ஹரி மில்லர் அடிகளார் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம்மோடு வாழ்ந்து, மட்டக்களப்பிலேயே கண்மூடினார். அவ்வளவு நீண்ட காலம் எல்லோருக்கும் அருளப்படுவதில்லை. மிகக் குறுகிய காலமே பெற்ற ஒருவரை இவ்வேளையில் நினைத்துக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பு வாயிலருகே வாவிக்கரையில் சிலையாக நிற்கும் வண. வில்லியம் ஓல்ட் அவர்களைத்தான் குறிப்பிடுகிறோம்.

1813 டிசம்பர் இறுதியில், கலாநிதி தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிகளுள் அவர் ஒருவர். கப்பலிலேயே அவருடைய மனைவி இறந்தார். 1814 மே 3ஆம் திகதி கோக் அவர்களும் கடலிலேயே மரித்தார். மனைவியையும் தலைவரையும் இழந்தவராக, ஜூன் 29ஆம் திகதி காலியில் கரையிறங்கிய ஓல்ட், ஊழிய இடங்கள் பங்கிடப்பட்டபோது தன்னந்தனியராக மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். துணைக்கு இன்னொரு மிஷனரி இல்லை, மொழியும் தெரியாது. புளியந்தீவில் இறங்கியவர் தமிழ் கற்றார், பிள்ளைகளைக் கூட்டிப் பள்ளி தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயினால் மரித்தார். இங்கு அவருக்குக் கிடைத்த காலம் ஏறக்குறைய எட்டு மாதம்.

அவர் குறுகிய கால ஊழியராக வந்தவரல்லர்; தம் ஆயுள் முழுவதையும் தருவதற்கென்றே வந்தவர். கடைசி நாட்கள் எவை என்று அவருக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பிரியாவிடைக் கூட்டமும் இல்லை. ஆங்கில ஆட்சியின் நிழலில் வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்காலப் பள்ளிக் கல்வியைக் குறித்த குறைகளும் பேசப்படத்தான் வேண்டும். ஆயினும் அவர் செய்தவற்றைக் கவனியுங்கள்: மொழியைக் கற்பதும் பள்ளி வைப்பதும், செய்தவர் போன பின் மற்றவர் கையில் தொடரக்கூடிய வேலைகள். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்றே கணக்கிட்டு, 2014இல் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. இன்று அது அரசாங்கப் பாடசாலை. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த மாதங்களையும் நம் கரை மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின் நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் உதவியோரின் அன்பு மெய்யானது. அதற்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்போம். ஆனால் திரும்பும் நாளுக்குள் எதையாவது கையளித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரமும் அங்கே இருந்தது. கடலுக்கு ஏற்காத படகுகள் வழங்கப்பட்ட செய்தி நாட்டின் பல கரையோரங்களிலிருந்தும் வந்தது. மீனவரிடம் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் எந்தப் படகு எந்தக் கடலுக்கு ஆகும் என்று அவர் சொல்லியிருப்பார்.

குற்றம் விருந்தினர் மீது மட்டுமா? நம் சபைகளும் சற்றுத் தம்மைச் சோதிக்க வேண்டும். கடன் வாங்கிப் பிரியாவிடை விருந்து வைக்கிறோம். எல்லோர் முன்னிலையிலும், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கோரிக்கைக் கடிதத்தை வாசித்துக் கையில் திணிக்கிறோம். அந்த மேடையில் நின்றுகொண்டு இல்லையென்று எந்த இளைஞன் சொல்லுவான்? நிறைவேறாத வாக்குறுதிகளில் பாதியை நாமே வாங்கிக்கொள்கிறோம் என்றே தோன்றுகிறது.

ஆகவே இவ்வருடம் குழுக்களை வரவேற்கும் சபைகளிடம் ஒரு வேண்டுகோள். கடைசி இரண்டு நாட்களில் புதிய நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். மருத்துவ முகாமில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் ஒரு மாதக் குளிசை கொடுத்திருப்பார்கள். அடுத்த மாதக் குளிசைக்கு அந்த முதியவர் எந்த அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போக வேண்டும், யார் கூட்டிப்போவது என்பதை அந்நாட்களில் எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். வேதாகம வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஞாயிறு பாடசாலை ஆசிரியையிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள். அவரையே கடைசி வகுப்பை நடத்த விட்டு, வந்தவர்கள் பின்வரிசையில் இருக்கட்டும். அன்பளிப்பு கொடுக்க விரும்புவோர் தனித்தனியே கொடாமல் சபைக் குழுவிடம் கொடுக்கட்டும். வாக்குறுதி தருவதாயின், ஊருக்குத் திரும்பி மாதமொன்று கழித்து எழுத்தில் தரட்டும்.

பவுல் தெசலோனிக்கேயை விட்டுப் போன பின் மனம் தாளாமல், தாம் அத்தேனே பட்டணத்தில் தனித்திருக்கச் சம்மதித்து, தீமோத்தேயுவைத் திருப்பி அனுப்பினார். அவர் கொண்டுவந்த நற்செய்தியைக் கேட்ட பின்னரே நிருபத்தை எழுதினார். தீமோத்தேயு நடந்தது பல நாள் வழி. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை, மக்கள் 'பாதை' என்றழைக்கும் மிதவையில் ஏறித்தான் படுவான்கரைக்கு நாமும் போனோம். இன்று பாலமும் இருக்கிறது, கையில் தொலைபேசியும் இருக்கிறது. மார்கழி வெள்ளத்தில் கிராமத்து வீதி மூழ்கும் வாரத்தில், ஆவணியில் வந்துபோன ஒருவர் அந்தப் போதகரை அழைத்து, ஆலயத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டதா, பிள்ளைகள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்கலாம்.